பெரிய ற

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்று எழுதியே பழகிய கை, அதனால் நலம். உன் மனைவிக்கும் சின்னதுக்கும் என் அன்பைச் சொல்.

அப்பா அப்படியேதான் இருக்கிறார். வாதம் வந்து ஒன்பது மாதம் ஆகப்போகிறது. வலது பக்கம் அசையவில்லை. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை, 'இருக்கட்டும்'. பால் தரட்டுமா என்றால் இருக்கட்டும். ஜன்னலைச் சாத்தவா என்றால் இருக்கட்டும். வலிக்கிறதா என்றாலும் இருக்கட்டும்தான். நாற்பது வருஷம் அச்சகத்தில் உட்கார்ந்து ஊரார் வார்த்தைகளை எல்லாம் பிழை திருத்தியவர், தனக்கென்று இந்த ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

காலையில் துடைத்து, துணி மாற்றி, புரட்டிப் படுக்க வைத்து, முதுகுக்குப் பவுடர் போட்டு, பாலில் நனைத்த ரொட்டியை ஊட்டி முடிப்பதற்குள் மணி பத்தாகிவிடுகிறது. பிறகு கீழ்வீட்டு டீச்சரம்மாவைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு நூலகத்துக்கு ஓடுகிறேன். நாலு மணி நேரம் புத்தகங்களை எடுத்து அடுக்குகிற வேலை. புத்தகங்கள் நல்லவை, தூக்கினால் முனகுவதில்லை. அப்பா ஆள்தான் மெலிந்திருக்கிறார், கனம் குறையவே இல்லை. அது எப்படி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

உன் சபை மடல் வந்தது. இந்த மாதமும் சுமையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாய். களைத்துப்போனவர்கள் எல்லாரும் என்னிடம் வரட்டும் என்று உன் சாமி கூப்பிடுகிறார். நல்ல மனசு. விலாசத்தைப் போடாமல் விட்டுவிட்டாய்.

எனக்கும் உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா நிதானமாகப் பார்த்தார்கள். இறக்கம்தான். அதை அப்புறம் எழுதுகிறேன், டீச்சரம்மா கூப்பிடுகிறார்.

உன் அக்கா


பிப்ரவரி 14

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். விலாசம் இல்லை என்ற வரியை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். "உங்க அக்கா பிரசங்கம் பண்ணா சபையே தூங்காது" என்றாள். எனக்கு அது பாராட்டாகப் படவில்லை.

போனில் கேட்டுவிடலாம் என்று பாதி எண்களை அழுத்திவிட்டு நிறுத்தினேன். 'அவன் குரல் இந்த வீட்டில் கேட்கக் கூடாது' என்று அப்பா சொன்னது பத்தொன்பது வருஷம் ஆகியும் விரலைப் பிடிக்கிறது. குரல்தானே கேட்கக் கூடாது, எழுத்து வரலாமே என்று ஓட்டை கண்டுபிடித்தவள் நீ. பிழை திருத்துபவரின் மகள் என்று அப்போதே நிரூபித்தாய்.

கேலி இருக்கட்டும் அக்கா, சுமையைப் பற்றி யோசித்துப் பார். என் பக்கத்தில், களைத்தவர்களை வரச் சொல்கிறார். உன் பக்கத்தில், கீதையின் கடைசி அத்தியாயத்தில், எல்லாவற்றையும் விட்டுவிட்டு என்னிடம் வா, வருத்தப்படாதே என்கிறார். ஒருவர் தச்சர், ஒருவர் தேரோட்டி. இருவருக்கும் உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும். கை காய்த்தவர்கள் சொன்னது என்பதால்தான் அதை நான் நம்புகிறேன்.

ஞாபகம் இருக்கிறதா? அச்சகத்துக்கு இரண்டு வேதமும் அச்சுக்கு வந்தன. அப்பா சாயங்காலம் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். நீ மூலத்தை உரக்கப் படிப்பாய், அவர் தாளைப் பார்த்துக்கொண்டே வருவார், நான் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து கேட்பேன். ஒரு வாரம் கண்ணன், மறு வாரம் இயேசு. எனக்கு அவர்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களாகவே தெரிந்தார்கள். பிறகு நான் ஒரு வீட்டில் குடிபோனேன், அவ்வளவுதான்.

டாக்டரம்மா உன்னிடம் அவ்வளவு இரக்கமாக நடந்துகொண்டது கேட்டு சந்தோஷம். அவருக்காகவும் ஜெபித்தேன். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. 'இறக்கம்தான்' என்று பெரிய ற போட்டு எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்துக் காலம் தொட்டு நான் அந்தப் பிழையைச் செய்வேன், நீ என் காதைத் திருகுவாய். என் வியாதி உனக்கு ஒட்டிக்கொண்டது. இந்தக் கடிதத்தில் நான் அகராதி பார்த்துச் சரியாக எழுதியிருக்கிறேன், கவனி.

உங்கள் இருவருக்காகவும் சபை முழுவதும் முழங்காலில் நிற்கிறது.

அன்பில் உன் தம்பி


பிப்ரவரி 22

மதிப்பிற்குரிய போதகர் ஐயாவுக்கு,

நான் எழுதியது பிழை இல்லை. பெரிய ற தான்.

தம்பியிடம் எப்படி எழுதுவது என்று கூச்சப்பட்டு ஒரே வார்த்தையில் நிறுத்தினேன். அதற்கு எனக்குக் கிடைத்தது இலக்கண வகுப்பு. இப்போது பச்சையாகவே எழுதுகிறேன். எனக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. அதற்கு ஆஸ்பத்திரியில் இறக்கம் என்றுதான் பெயர். ஒன்பது மாதமாக ஒரு ஆளைத் தூக்கித் தூக்கி வந்தது. நின்றால் ஏதோ கீழே விழப்போகிற மாதிரி இருக்கிறது. நூலகத்தில் மேல் தட்டுக்குக் கை நீட்டும்போது மற்றொரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொள்கிறேன்.

டாக்டரம்மா இரக்கமும் காட்டவில்லை ஒன்றும் காட்டவில்லை. சத்தம்தான் போட்டார்.

"இவ்வளவு நாள் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

"அப்பாவைத் தூக்கிட்டிருந்தேன்."

"வீட்ல வேற யாரும் இல்லையா?"

"ஒரு தம்பி இருக்கான்."

"என்ன பண்றார்?"

ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டும் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று வாய்வரை வந்தது. "வெளியூர்ல இருக்கான்" என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 28 அன்று அறுவை சிகிச்சை. முந்தின நாள் காலையிலேயே போய்ப் படுக்க வேண்டும். அதன் பிறகு ஆறு வாரம் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. டீச்சரம்மாவுக்கு எழுபத்தொன்று. அவரால் அப்பா பக்கத்தில் உட்கார முடியும், அப்பாவைப் புரட்ட முடியாது.

செய், பலனைக் கேட்காதே என்பது என் பக்கம். வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்பது உன் பக்கம். இரண்டும் ஒன்றுதான் என்று நீ முன்பு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாய். ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். நான் இத்தனை மாதம் எந்தக் கைக்கும் தெரியாமல்தான் செய்தேன். இப்போது நான் கேட்பது பலன் இல்லை, ஒரு ஆள். ஆறு வாரத்துக்கு நீ வர வேண்டும்.

எனக்கு ரொம்ப அலுப்பாக இருக்கிறது தம்பி. கோபப்படக்கூடத் தெம்பில்லை. இந்தக் கடிதத்தை இரண்டு நாளாக விட்டு விட்டு எழுதினேன்.

அக்கா


மார்ச் 4

அன்பான அக்காவுக்கு,

உன் நோயை நான் வேடிக்கையாக்கிவிட்டேன். என்னை மன்னித்துவிடு. கடிதத்தைப் படித்துவிட்டு அன்று கூட்டத்துக்குப் போகவில்லை.

வர வேண்டும் என்று எனக்கு இல்லை என்று நினைக்காதே. 'என் உயிர் இருக்கும்வரை இந்தப் படியை மிதிக்காதே' என்று சொன்னார். வாசலில் நின்று நீயும் கேட்டாய். தாய் தகப்பனைக் கனம்பண்ணச் சொல்வது என் பக்கத்துக் கட்டளை. தகப்பனைத் தெய்வமாக எண்ணச் சொல்வது உன் பக்கம். நான் கனம்பண்ணிய விதம் இதுதான், பத்தொன்பது வருஷம் அந்தப் படியை மிதிக்கவில்லை. இப்போது அவரால் 'போ' என்று சொல்லக்கூட முடியாது. வாயில்லாமல் கிடக்கிற ஒருவர் முன்னால், வேண்டாம் என்று அவர் சொன்ன முகத்தைக் கொண்டுபோய் நிறுத்துவது நியாயமா?

இங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சகோதரர் சபையில் இருக்கிறார். பொறுமைசாலி. ஆறு வாரம் அவரை அனுப்புகிறேன், சரி என்று ஒரு வரி எழுது. நானும் இங்கே உபவாசம் இருந்து ஜெபிப்பேன்.

உன் தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

பதில் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். நேற்று ஒன்று நடந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

படுக்கைக்குப் போடும் ரப்பர் விரிப்பு கிழிந்துபோயிற்று. பழையது ஒன்று அப்பாவின் அச்சகப் பெட்டியில் கிடக்கும் என்று கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தேன். இழுக்கக் கூடாது, தெரியும். உள்ளே விரிப்பு இல்லை. உன் சபை மடல்கள் இருந்தன. நீ அனுப்ப ஆரம்பித்த நாளிலிருந்து வந்தவை எல்லாம், வருஷவாரியாக நூல் போட்டுக் கட்டி. மாதாமாதம் தபால் வந்ததும் நான் அவர் மேஜையில் வைப்பேன், மறுநாள் இருக்காது. பழைய பேப்பர்காரருக்குப் போகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் திருத்தியிருக்கிறார். சிவப்பு மையில், ஒரு பக்கம் விடாமல். சந்திப் பிழை, காற்புள்ளி, வரி இடைவெளி, நீ ஆணி அடித்த மாதிரி குத்தும் ஆச்சரியக்குறிகள் எல்லாம். நீ தேவனுடைய 'இறக்கம்' என்று எழுதுகிற இடமெல்லாம் ற-வைச் சுழித்து ஓரத்தில் சின்ன ர. ஒரு வருஷத்து மடலில் பொறுக்க முடியாமல் 'எத்தனை முறை?' என்று எழுதியிருக்கிறார்.

அது மட்டும் இல்லை. ஓரங்களில் 'ஒ.நோ.' என்று போட்டிருக்கிறார். ஒப்பு நோக்குக என்பதற்கு அவர் எப்போதும் போடுகிற சுருக்கம். தாகத்தோடு வந்தவனுக்குக் கொடுத்த ஒரு கிண்ணம் தண்ணீரைப் பற்றி நீ எழுதிய இடத்தில், 'ஒ.நோ. கீதை 9'. இலையோ பூவோ தண்ணீரோ அன்போடு தந்தால் போதும் என்று சொல்லும் இடம் அது. பகைவனையும் நேசி என்ற இடத்தில் 'ஒ.நோ. கீதை 12'. களைத்தவர்களை வரச் சொன்ன இடத்தில் 'ஒ.நோ. கீதை 18'. ஒரே குரல் என்று நீ எனக்குக் கண்டுபிடித்துச் சொன்னாயே, அதை அவர் உனக்கு முன்பே சிவப்பில் குறித்து வைத்துவிட்டார்.

நீ வீட்டைவிட்டுப் போன வருஷம் அவர் என்னிடம் ஒரே ஒரு தடவை உன்னைப் பற்றிப் பேசினார். "நான் வீட்டுக்குக் கொண்டுவந்த தாள்தான் அவனைக் கொண்டுபோச்சு" என்றார். அப்புறம் பேசவே இல்லை. அவருடைய கோபம் உன்மேல் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

கடைசியாக அவர் திருத்தியது போன வருஷம் மே மாதத்து மடல். அதற்கு அப்புறம் வந்ததெல்லாம் நான் வைத்த இடத்திலேயே இருக்கிறது. அந்த மே மடலில் 'தேவன் நம்மேல் இறக்கம் உள்ளவர்' என்று வழக்கம்போல எழுதியிருக்கிறாய். அவரும் வழக்கம்போல ற-வைச் சுழித்து, ஓரத்தில் சின்ன ர போட்டிருக்கிறார். பிறகு அந்தத் திருத்தத்தையே அடித்துவிட்டு, உன் வார்த்தைக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதியிருக்கிறார். உனக்கு அச்சகத்து வழக்கம் மறந்திருக்கும். திருத்தியதுதான் தவறு, மூலத்தில் உள்ளபடியே விட்டுவிடு என்று அர்த்தம். பக்கத்தில் 'ஒ.நோ. கீதை 4'. எடுத்துப் பார்த்தேன். உலகம் கெட்டுப்போகும்போதெல்லாம் நான் இறங்கி வருகிறேன் என்கிற அத்தியாயம்.

இதை வைத்து, அப்பா என்னை மன்னித்துவிட்டார் என்று மேடையில் சாட்சி சொல்லிவிடாதே. அது எனக்குத் தெரியாது. அவர் எதைக் கண்டாலும் திருத்துவார். மருந்துச் சீட்டையும் கல்யாணப் பத்திரிகையையும்கூட விட்டதில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உன் சாமி மேலேயே உட்கார்ந்து பரிதாபப்பட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். இருக்கவில்லை, இறங்கி வந்து மீன்பிடிக்கிறவர்களின் காலைக் கழுவினார். என் சாமி இறங்கி வந்து சண்டைக்கு நடுவில் குதிரைகளைக் குளிப்பாட்டினார், யாகத்துக்கு வந்தவர்களின் காலையும் கழுவினார். இரண்டு பேரும் ஆள் அனுப்பவில்லை. முழங்காலில் நின்று எங்களுக்காக உருகுகிறாயே, அதெல்லாம் சின்ன ர. எனக்கு அது போதும் போதும் என்று ஆகிவிட்டது. நீ பெரிய ற-வோடு ரயிலிலிருந்து இறங்கு.

27ஆம் தேதி காலை ஏழு மணிக்கு நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவேன். அந்தச் சகோதரரை அனுப்ப வேண்டாம். அவர் வந்தால் நான் படுக்கப் போகமாட்டேன்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

உனக்கு நான் எழுதிய காரணம் பொய் என்று இல்லை. அது பாதி.

மீதியை எழுதுகிறேன். எனக்கு அப்பாவின் கோபத்தைவிட அவர் உடம்பின்மேல்தான் பயம். நான் யாரையும் துடைத்ததில்லை, புரட்டியதில்லை. சின்னது பிறந்தபோதுகூட எல்லாவற்றையும் என் மனைவிதான் செய்தாள், நான் தொட்டில் பக்கத்தில் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். நோயாளிகளைப் பார்க்கப் போனால் தலைமேல் கை வைத்து ஜெபித்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவேன். அந்த அறைகளின் வாடை எனக்கு ஆகாது. வருஷத்துக்கு ஒருமுறை சபையில் பன்னிரண்டு பேருடைய காலைக் கழுவுகிறேன். எல்லாரும் வீட்டிலேயே நன்றாகக் கழுவிக்கொண்டுதான் வருகிறார்கள்.

உன் கடிதத்தை மேஜையில் வைத்திருந்தேன். என் மனைவி படித்துவிட்டாள். பரணிலிருந்து பெட்டியை இறக்கி என் சட்டைகளை அடுக்க ஆரம்பித்தாள். "இதுக்கும் ஜெபிச்சுட்டுத்தான் பதில் சொல்லணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

27ஆம் தேதி பத்து மணிக்கு ரயில் வந்து சேரும். எனக்கு ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுப் போ.

தம்பி


மார்ச் 27, காலை

தம்பி,

சாவி டீச்சரம்மாவிடம். நீ வரும்வரை அவர் உட்கார்ந்திருப்பார். உன்னைப் பார்த்ததும் கொஞ்சம் அழுவார், கண்டுகொள்ளாதே, காப்பி கேட்டால் தருவார்.

அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். முதலில் அவர் முழங்காலை மடக்கு, பிறகு தோளையும் இடுப்பையும் சேர்த்து உன் பக்கமாக இழு. கையைப் பிடித்து இழுக்காதே, தோள் கழன்றுவிடும். உன் முதுகை வளைக்காமல் காலை அகட்டி நில். எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை, அதனால்தான் இந்தக் கதி. இடது குதிகாலில் தோல் சிவந்திருக்கிறது, அதற்குக் கீழே மடித்த துண்டு இருக்க வேண்டும். ரொட்டியை வாயின் இடது பக்கமாகக் கொடு. விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார், அவசரப்பட்டால் புரை ஏறும். மருந்துகள் ஜன்னலில் வரிசையாக, ஒவ்வொன்றின்மேலும் நேரம் ஒட்டியிருக்கிறேன். துவைத்த துணி வலது அலமாரி, துவைக்க வேண்டியது பின்பக்க வாளி. வாடை முதல் மூன்று நாள் தெரியும். அதற்கப்புறம் நீயே அந்த வாடையாகிவிடுவாய், தெரியாது.

எதையும் கேட்டுவிட்டுச் செய்யாதே. கேட்டால் இருக்கட்டும் என்பார். நீ வருகிறாய் என்று நேற்று சொன்னேன். அதற்கும் அதையேதான் சொன்னார்.

பெட்டி கட்டிலுக்கு அடியில். வேலை எல்லாம் முடிந்த பிறகு திற.

அக்கா


ஏப்ரல் 2

அன்பான அக்காவுக்கு,

டீச்சரம்மா உன்னைப் பார்க்க வருகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, இன்னும் சில நாள் படுத்திருக்க வேண்டும் என்று சொன்னார்.

ஏழு நாள் ஆகிறது. முதுகு எனக்குச் சொந்தமில்லாததுபோல இருக்கிறது. இரண்டாம் நாள் வாளிப் பக்கம் போய் வாந்தி எடுத்தேன். அன்று சாயங்காலமே மறுபடியும் அதே வேலை வந்தது, அப்போது எடுக்கவில்லை. தோளைப் பிடித்து இழுக்கும் முறை நேற்றுத்தான் கைவந்தது. என் வேதாகமத்தைப் பையிலிருந்து இன்னும் வெளியே எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று இல்லை, மறந்தே போயிற்று.

நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். வந்த அன்று படியருகே நின்றுவிட்டேன். டீச்சரம்மா உள்ளேயிருந்து, "தம்பி, சீக்கிரம் வாங்க, நனைச்சுட்டார், என்னால தூக்க முடியல" என்றார். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். படியை மிதித்தேனா தாண்டினேனா என்று இப்போதும் நினைவில்லை. துணி மாற்றி முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நான்தான் வந்திருக்கேன்."

ரொம்ப நேரம் பார்த்தார். இடது கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது, அது எப்போதும் வருகிறதா என்று எனக்குத் தெரியாது. பிறகு, "இருக்கட்டும்" என்றார்.

நான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பத்து நிமிஷம் கழித்து டீச்சரம்மா, "ஃபேனைக் குறைக்கட்டுமா?" என்று கேட்டார். அதற்கும் இருக்கட்டும் என்றார். அதே குரல். அந்த வார்த்தை இறக்கத்தில் வந்ததா, பழக்கத்தில் வந்ததா எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருஷம் காத்திருந்ததற்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது, அது பதில்தானா என்று யாரிடமும் கேட்க முடியாது. தினம் நான்கு தடவை அவரையே கேட்டுப் பார்க்கிறேன் அக்கா. நீ சொன்னாய், கேட்காதே என்று.

பெட்டியைத் திறந்தேன். மத்தியானம் அவர் தூங்கும்போது ஒவ்வொரு வருஷமாகப் படிக்கிறேன். பத்தொன்பது வருஷம் ஒரு மனிதர் என்னை ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார். என் சபையில் அப்படி ஒருவரும் இல்லை. அவர் படிக்காமல் விட்ட மடல்களை எடுத்து, சிவப்புப் பேனாவோடு நானே உட்கார்ந்தேன். என் பிழை எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

நேற்று அவருக்குக் கால் நகம் வெட்டினேன், வெந்நீரில் ஊறவைத்து. எந்த வசனமும் ஞாபகம் வரவில்லை. குதிகால் சிவப்பு குறைந்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் முதலில் எழுத நினைத்தேன்.

நீ அவசரப்பட்டு எழுந்து வராதே. சபைக்கு எழுதிவிட்டேன், ஆறு வாரத்துக்கு மேலும் ஆகலாம் என்று.

தம்பி


ஏப்ரல் 5

அன்புள்ள தம்பிக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

இடது கண்ணில் எப்போதும் தண்ணீர் வரும். நீ கேட்கவில்லை, ஆனால் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் சொல்லும் வார்த்தைக்கு ஒன்பது மாதம் நானும் அர்த்தம் தேடினேன். 'போதும் மகளே' என்கிறாரா, 'போ சனியனே' என்கிறாரா என்று. பிறகு தேடுவதை விட்டுவிட்டேன், துணி துவைக்க நேரம் மிச்சமானது. நீயும் விட்டுவிடு. அவர் சொன்னதைவிட, நீ செருப்போடு ஓடினது எனக்குப் போதும்.

குதிகாலுக்குத் துண்டை எடுத்துவிடாதே. சிவப்பு குறைந்தாலும் இருக்க வேண்டும்.

இங்கே நேற்று மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்கினேன். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாததால் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் கட்டில் அம்மா, "யாருமில்லம்மா, படுங்க" என்றார். படுத்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன், துக்கத்தில் இல்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா என்று கூப்பிடுகிறவர்களைப் பற்றி இனி நான் கேலி பேசமாட்டேன். ஆனால் விட்டுவிட்டு வருவதற்கு, விட்டதைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அதை உன் மடலில் எழுது.

உன் கடிதத்தில் ஒரு பிழை. 'இறக்கத்தில் வந்ததா, பழக்கத்தில் வந்ததா' என்று எழுதியிருக்கிறாய். பழக்கதோஷம், நர்ஸிடம் சிவப்புப் பேனா கேட்டு வாங்கினேன். ற-வைச் சுழிக்கப் போனேன். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

அக்கா